பிரியாத நரம்பை ஏன் தாக்குகிறது பாக்லிடாக்செல்?

"பாக்லிடாக்செல் பிரியும் செல்லைத்தானே கொல்லும்? நரம்புச் செல் பிரிவதே இல்லையே, பிறகு ஏன் பாதம் மரத்துப்போகிறது?" மார்பகப் புற்றுநோய்க்கு இந்தக் கீமோ மருந்தை எடுக்கும் வீடுகளில் எழும் அருமையான கேள்வி இது.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பவை நுண்குழல்கள். இதுவரை பள்ளிப் பாடம். அந்தக் குழல் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை என்பதுதான் அழகு. ஆல்பா, பீட்டா டியூபுலின் புரதங்கள் இணைந்த 8 நானோமீட்டர் ஜோடிகள் வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் 13 வரிசைகள் பக்கவாட்டில் ஒட்டி, 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழலாகின்றன. வந்து சேரும்போது பீட்டாவில் மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் மூலக்கூறு இருக்கும். சேர்ந்த சற்று நேரத்தில் ஒரு பாஸ்பேட் கழன்றுவிடும். மூன்று இருக்கும்வரை ஜோடி ஏறக்குறைய நேராக நிற்கும். இரண்டானதும் வெளிப்பக்கம் வளையத் துடிக்கும். அக்கம்பக்கத்துப் பிடிப்புதான் அதை அடக்கி வைக்கிறது. நுனியில் புதிய ஜோடிகள் வந்துகொண்டிருந்தால் குழல் வளரும். வரத்துக் குறைந்து, நுனியில் தொப்பிபோல் நிற்கும் மூன்று பாஸ்பேட் ஜோடிகள் போய்விட்டால், வாழைப்பழத் தோல்போல வரிசைகள் உரிந்து குழல் சரியும். பிறகு மறுபடி வளரும். 1984இல் மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். இப்படி நீண்டும் சுருங்கியும் துழாவித்தான் நுனிகள் குரோமோசோம்களைப் பிடிக்கின்றன. ஒரே ஒரு குரோமோசோம் பிடிபடாவிட்டாலும் செல் பிரிவை நிறுத்திவைக்கும்.

பாக்லிடாக்செல் குழலின் உட்சுவரில், பீட்டாவின் மேல் உட்கார்ந்து பக்கத்துப் பிடிப்பை இறுக்குகிறது. உரிய வேண்டியது உரியாது. குழலைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்துகள் முன்பே தெரியும். 1979இல் ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ் பாக்லிடாக்செல்லில் காட்டியது அதற்கு நேர்மாறு. பிரிவு பாதியில் சிக்கிச் செல் சாகும் என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். 2014இல் நோயாளிகளின் மார்பகக் கட்டிகளையே பரிசோதித்தபோது வேறு படம் கிடைத்தது: பிரிவை அப்படி நிறுத்தும் அளவுக்கு அங்கே மருந்து சேர்வதில்லை. குரோமோசோம்களை இழுக்கும் துருவங்கள் இரண்டுக்குப் பதில் மூன்று, நான்கு உருவாகி, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படுகின்றன.

இந்த மருந்து கிடைத்த பசிபிக் யூ மரப்பட்டையைச் சேகரித்தது 1962இல். அமெரிக்காவில் சூல்பைப் புற்றுக்கு அனுமதி 1992இல், மார்பகத்துக்கு 1994இல். மூன்றாண்டில் பலன் கேட்கும் நிதிக்குழுக்கள் இந்த ஆண்டுகளைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மருந்து நீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளிலும் ஆல்கஹாலிலும் கரைக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் பொருளால் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும். பிவிசி பைகளிலிருந்து பிளாஸ்டிக்கை இளக்கும் ரசாயனத்தையும் அது இழுத்துவிடும். எனவே பிவிசி இல்லாத பையும் குழாயும், 0.22 மைக்ரான் வடிகட்டியும் தேவை. வாரமுறையில் வழக்கமான அளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம், ஒரு மணி நேரத்தில்.

நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிலும் நுண்குழலைத் தாக்கும் வின்கிரிஸ்டின் உண்டுதான், ஆனால் ஒரு டம்ளர் சாற்றில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

இப்போது கால். கால்விரல் நுனியின் உணர்வு நரம்புக்குச் செல்லுடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இழை ஏறக்குறைய ஒரு மீட்டர். புரதமும் மைட்டோகாண்ட்ரியாவும் அவ்வளவு தூரமும் நுண்குழல்களின் மேல்தான் பயணிக்க வேண்டும். பாக்லிடாக்செல் அந்தப் போக்குவரத்தைக் குலைக்கிறது. தூரம் அதிகமுள்ள நுனி முதலில் வாடும். அதனால் கால்விரல் முந்தி, கைவிரல் பிந்தி. சட்டைப் பித்தான் போடவோ செருப்பு நழுவுவதை உணரவோ சிரமப்பட்டால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ அப்போதுதான் வாய்ப்பு. வலி இருந்தால் டுலாக்செட்டின் என்ற மருந்து ஓரளவு உதவும். வெறும் மரப்புக்கு அது பெரிதாகப் பயன்படுவதில்லை.