சின்ன வயசு கேஸ் ரெக்கார்டு தானா அழியாது, விடாம கேட்டாதான் அழியும்

17 வயசுல ஒரு அடிதடி கேஸ். ஜேஜே போர்டுல (18 வயசுக்குள்ள உள்ளவங்க கேஸை விசாரிக்கற இளைஞர் நீதி வாரியம்) எச்சரிச்சு அனுப்பிட்டாங்க, அதோட போச்சுன்னு வீட்ல எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. எட்டு வருஷம் கழிச்சு வேலைக்கு வெரிஃபிகேஷன் வந்தப்ப ஸ்டேஷன்ல இருந்து "கேஸ் இருக்கு"ன்னு எழுதி அனுப்பிட்டாங்க, வேலை போச்சு. எனக்குத் தெரிஞ்ச பையன். அப்படி எழுதவே கூடாதுங்கறது அவனுக்கும் தெரியல, எழுதினவருக்கும் தெரியல போல.

2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74: 18 வயசுக்குள்ள நடந்த கேஸை நன்னடத்தை சான்றுக்காகக்கூட போலீஸ் வெளிய சொல்லக் கூடாது. பிரிவு 24: அந்தக் கேஸால எந்தத் தகுதியும் போகாது, ரெக்கார்டை அழிக்கச் சொல்லி போர்டே ஆர்டர் போடணும். 7 வருஷத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு 2016 விதி சொல்லுது. சட்டம் இவ்வளவுதான்.

ஆனா அந்த ஆர்டரை யாரும் தானா போட மாட்டாங்க. ஸ்டேஷன்ல கேட்டா போர்டு ஆர்டர் கொண்டாம்பாங்க, போர்டுல கேட்டா ஃபைல் தேடணும் அடுத்த வாரம் வாம்பாங்க, அடுத்த வாரம் போனா அந்த கிளார்க் லீவு. வாயால கேட்டுட்டுத் திரும்பி வராதீங்க, போர்டுல மனுவா எழுதிக் கொடுத்து காப்பில சீல் வாங்குங்க, எஸ்பி ஆபீசுக்கும் ஒண்ணு அனுப்புங்க. வக்கீலுக்குக் காசில்லன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, இலவசம்.

மாட்டிக்கற இடங்கள் சொல்றேன். வயசுன்னா சம்பவம் நடந்த அன்னிக்கு இருந்த வயசு, தீர்ப்பு வந்த அன்னிக்கு இல்ல. 16 தாண்டி, கொடூரக் குற்றம்னு பெரியவங்க மாதிரி விசாரிச்சு குற்றவாளின்னு தீர்ப்பாயிருந்தா இந்தச் சலுகை கிடையாது.

18க்கு மேலன்னா ரெக்கார்டை மூடி வைக்க நம்ம நாட்டுல பொதுவா ஒரு சட்டமே இல்ல, "அழிச்சுத் தரேன்"னு காசு கேக்கற புரோக்கரை நம்பாதீங்க. ஜெயிலுக்கு அனுப்பாம 1958 நன்னடத்தைச் சட்டத்துல விட்டிருந்தா பிரிவு 12படி தகுதியிழப்பு வராது, ஆனா ரெக்கார்டு அப்படியே இருக்கும். தமிழ்நாட்டுல போலீஸ் வேலைக்கு இன்னும் மோசம், சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனாலும் கேஸ்ல சம்பந்தப்பட்டவர்னுதான் ரூல் கணக்கு வைக்குது.

அப்புறம் வேலை ஃபாரம். பெரியவங்க கேஸை மறைச்சு "இல்லை"ன்னு டிக் அடிச்சா, கேஸை விட மறைச்சதே வேலைய பறிச்சிடும், 2016ல அவதார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் விளக்கமா பேசுச்சு. சின்ன வயசு கேஸ்னா ஃபாரத்தை நிரப்பறதுக்கு முன்னாடியே அந்த இலவச வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

முக்கியமா, ரெக்கார்டை அழிக்கச் சொல்றதுக்கு முன்னாடி போர்டு தீர்ப்போட சர்டிஃபைட் காப்பி ஒண்ணு வாங்கி வீட்ல வச்சுக்கங்க. அங்க அழிஞ்ச ஃபைல் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல இருந்து திடீர்னு எட்டிப் பார்த்தா, காட்டறதுக்கு உங்ககிட்ட வேற எதுவும் இருக்காது.