மழை விட்டபின் ஓடும் நீலகிரி ஊற்றுகள்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகும்போது, சாலைக்காக மலையை வெட்டிய இடங்களைக் கவனியுங்கள். மேலே செம்மண். அதன் கீழே மஞ்சளும் வெளிர்சிவப்புமாக, நகத்தால் கீறினாலே உதிர்கிற மண்; நடுநடுவே உருண்டைப் பாறைகள். அடியில் கருநீலக் கல். மழை விட்டு நாளானாலும் தடுப்புச் சுவர்க் குழாய்களில் தண்ணீர் சொட்டும். நீலகிரியின் நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீரைப் பிடித்து வைத்திருக்கும் அடுக்கு, பெரும்பாலும் இந்த உதிர்மண்தான்.

அடியிலுள்ள கல் சார்னோகைட், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு. அதற்குள் நீர் புக வெடிப்புகளை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் காலங்காலமாகப் பெய்த மழை அதன் மேல்பகுதியை இற்றுப்போகச் செய்திருக்கிறது. இற்ற பகுதி ஓரிடத்தில் சில மீட்டர், இன்னோரிடத்தில் 30 மீட்டருக்கும் மேல்.

இந்த மண்ணில் களி அதிகம். களி நிறையத் தண்ணீர் பிடிக்கும், லேசில் விடாது. இங்கே கிணறுகள் மெல்ல ஊறுவதற்கு அதுதான் காரணம். இறங்கிய மழைநீர் கல்லில் முட்டி, சரிவோடு நகர்ந்து, பள்ளத்தில் ஊற்றாகவோ சதுப்பாகவோ வெளியே வருகிறது. மார்ச், ஏப்ரலில் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

சரி, மேலே என்ன வளர்கிறது என்பதும் முக்கியமா? முக்கியம்தான். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் (மழைநீர் ஓர் ஓடைக்கு வந்துசேரும் பகுதிகள்) இரண்டை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் 1972-இல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு அளந்தார்கள். நட்ட பக்கத்தில் ஓடைக்கு வந்த நீர் முதல் சுற்றில், அதாவது நட்டதிலிருந்து வெட்டும் வரை, சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி துளிர்த்த சுற்றில் சுமார் 25 சதவீதம். மரம் வைத்தாலே தண்ணீர் பெருகும் என்று மேடையில் பேசுவோருக்கு இது கசக்கும்.

அடைமழையில் இதே மண் நிறைந்துவிட்டால், உள்ளே ஏறும் நீரழுத்தம் மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் சரிவுகள் இறங்கியது அப்படிப்பட்ட மழையில்தான்.

அப்புறம் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) விவகாரம். கல்லுக்குள் இருக்கும் வெடிப்புக்கும் நீர் மேல்மண்ணிலிருந்தே இறங்க வேண்டும். ஆக, மேட்டில் இழுக்கிற தண்ணீர் பலசமயம் கீழேயுள்ள ஊருக்கு ஊற்றாக வரவேண்டியது. வெடிப்பே சிக்காவிட்டால் எத்தனை அடி போனாலும் வெறும் புகைதான்.