முதலில் விடுபடுவது திங்கட்கிழமைதான்

14 ஆண்டுகளாக நகரப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். மாலை நேரத்தில் அதே பள்ளிகளின் கணினி அறையில் தொழில்நுட்பப் பயிற்சியும் நடத்துகிறேன். "நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தான், திடீரென்று படிப்பை நிறுத்திவிட்டான்" என்று யாராவது சொன்னால், நான் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான். அதைப் புரட்டிப் பார்த்தால் 'திடீரென்று' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இருக்காது. முதலில் ஒரு திங்கட்கிழமை விடுபட்டிருக்கும். அடுத்த மாதம் இரண்டு திங்கட்கிழமை, கூடவே ஒரு செவ்வாய். பிறகு தேர்வுக்கு முந்தைய நாள், அதன்பின் தேர்வு நாளே. பெயரை நீக்குவதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஷிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளி ஆய்வுக் குழு, அந்த நகரத்து அரசுப் பள்ளிகளை வைத்து 2005ல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் மாணவர் அடுத்த வகுப்புக்கு வேண்டிய கிரெடிட்டுகளை, அதாவது தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளை, சேர்த்துவிட்டாரா, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் தப்பினாரா? கேள்விகள் இந்த இரண்டுதான். இரண்டிலும் தேறியவர்கள் நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட இது துல்லியமாகக் கணித்தது. பிலடெல்ஃபியாவில் ராபர்ட் பால்ஃபான்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இன்னும் பின்னோக்கிப் போனார்கள். குறைந்த வருகை, கணிதத்திலோ ஆங்கிலத்திலோ தோல்வி, நடத்தைக்கு மோசமான குறிப்பு என்று ஆறாம் வகுப்புப் பதிவேட்டிலேயே தடயங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த வயதில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள நமக்கு எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால் அதை நாள்பட்ட வராமை என்று கணக்கிடுவது அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கம். 180 நாள் கொண்ட கல்வியாண்டில் அது 18 நாள், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள். மாதம் இரண்டு நாள் லீவு போடும் பிள்ளையை எந்த வீடும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எந்த வகுப்பாசிரியரும் அழைத்துப் பேசுவதில்லை. அதனால்தான் இந்த எண்ணைப் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்படி அடிக்கடி வராதவர்களின் பெயர்ப் பட்டியல் கையில் வந்தபிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரம்பத்தில் நானும் பிள்ளைகளைக் கூப்பிட்டு "ஏன் வரவில்லை?" என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. உடம்பு சரியில்லை என்பார்கள், அல்லது தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்போது "நேற்று காலை எழுந்ததிலிருந்து என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்கிறேன். முதல் பாடவேளைக்கு மட்டும் தொடர்ந்து வராத ஒரு மாணவி இருந்தாள். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தாள். காலையில் நடந்ததை அவள் வரிசையாகச் சொன்னபோதுதான், இரவுப் பணி முடிந்து அம்மா வீடு திரும்பும்வரை தம்பியை விட்டுவிட்டு அவளால் கிளம்ப முடியாது என்பது தெரிந்தது. முதல் பாடவேளை கணிதம். அந்த ஒரு பாடத்தில் மட்டும்தான் அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அறிவுரை இல்லை, கால அட்டவணையில் ஒரு மாற்றம். கணிதத்தை மதியத்துக்கு மாற்ற மூன்று வாரம் அலைந்தோம். அந்தப் பருவத்தில் அவள் தேறினாள்.

இதில் கணினிப் பயிற்சிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளிக்கு வர ஒரு காரணம் இல்லாத பிள்ளைக்கு அது காரணமாகிறது. ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். கைபேசியில் காணொளியை வெட்டி ஒட்டி, இசை சேர்த்துப் பதிவேற்றும் பையனிடம், கணினியில் சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பான். ஃபோல்டர் என்ற எண்ணமே அவனுக்குப் பழக்கமில்லை. இரண்டு கட்டைவிரலால் மின்னலாகத் தட்டச்சு செய்பவள், விசைப்பலகையில் எழுத்து எழுத்தாகத் தேடுவாள். மின்னஞ்சலில் பொருள் வரி காலியாக இருக்கும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் முதல் வேலையின் முதல் வாரத்திலேயே அவர்களை வெட்கப்பட வைப்பவையும் இவைதான்.

அதனால் எங்கள் அறையில் முதல் இரண்டு மாதம் நிரல் எழுதுவது கிடையாது. பழைய கணினிகளைப் பிரித்துத் திரும்பச் சேர்க்கிறோம். பள்ளி அலுவலகத்தின் பிரிண்டர், ஆசிரியர்களின் ப்ரொஜெக்டர், கடவுச்சொல் மறந்துபோன கணக்கு என்று பள்ளியில் தினம் தினம் எழும் புகார்களுக்கு ஒரு ஹெல்ப்டெஸ்க் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட்: பிரச்சினை என்ன, எதையெல்லாம் முயன்றோம், எது பலித்தது. எழுதவே மாட்டேன் என்று அடம்பிடித்த பையன்கள் அந்த மூன்று வரியைத் திருத்தித் திருத்தி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கப்போவது மதிப்பெண் போடும் ஆசிரியர் இல்லை, அடுத்த நாள் அதே கோளாறைச் சரிசெய்யப்போகிற இன்னொரு மாணவர். வாசகர் உண்மையானவராக இருந்தால் எழுத்தும் உண்மையாகிவிடுகிறது.

கணிதத்தில் மூன்று பருவம் தொடர்ந்து தோற்ற ஒரு மாணவன் நெட்வொர்க் பகுதிக்கு வந்து சேர்ந்தான். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் ஐபி முகவரியில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஏன் 255 என்று கேட்டான். ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டு பிட், ஒவ்வொரு பிட்டுக்கும் 0, 1 என்று இரண்டு நிலை, மொத்தம் 256, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறோம் என்று பலகையில் போட்டேன். ஒரு மாதத்தில் அவன் மனக்கணக்காகவே சொல்லத் தொடங்கினான்: "256ஐ நாலாப் பிரிச்சா 64. முதல் முகவரியும் கடைசி முகவரியும் கருவிகளுக்குக் கிடையாது சார், அப்ப 62. மாஸ்க்ல கடைசி எண் 192." மாஸ்க் என்பது முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண். எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த நாள் அவனுடைய கணித ஆசிரியரை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். இரும எண்களிலிருந்து அடுக்குகளுக்கும், அங்கிருந்து சமன்பாட்டுக்கும் அவர் மெல்ல மெல்லப் பாலம் போட்டார். இதனால் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பின்னம் அவனுக்கு வரவே இல்லை, அதற்குத் தனியாகப் பல மாதம் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் 'எனக்குக் கணக்கு வராது' என்ற வாக்கியத்தை அவன் விட்டுவிட்டான். அதுவரை அந்த வாக்கியம்தான் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

தொழிற்பயிற்சி கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிடுவார்கள் என்று எண்ணுவோருக்கு ஓர் ஆய்வை நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் கரியர் அகாடமி என்ற முறை 1969ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. பெரிய பள்ளிக்குள் ஒரு சிறு பள்ளி, ஒரு துறையை மையமாக வைத்த பாடங்கள், உள்ளூர் நிறுவனங்களில் வேலை அனுபவம். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பள்ளிக்காலம் முடிந்து எட்டு ஆண்டுகள்வரை பின்தொடர்ந்தது. அகாடமியில் இடம் கிடைத்தவர்களின் சராசரி வருமானம் 11 சதவீதம் அதிகமாக இருந்தது. இளைஞர்களிடையே, அதாவது ஆண்களிடையே, 17 சதவீதம். ஆனால் பள்ளியை முடித்தவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். வேலை அனுபவம் பிள்ளையின் பிற்கால வாழ்க்கையை உண்மையாகவே உயர்த்துகிறது. ஆனால் பள்ளியை முடிக்க வைக்க அது மட்டும் போதாது. அதற்கு வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் கண்ணும், விழுந்த பாடத்தைத் தூக்கிவிடும் கையும் தனியாக வேண்டும்.

இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரும் முயற்சிகளில் பி-டெக் (P-TECH) என்ற பள்ளி என்னை மிகவும் கவர்ந்தது. 2011ல் நியூயார்க்கின் புரூக்ளினில் நகரக் கல்வித் துறை, நகரப் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. நுழைவுத் தேர்வு கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர், பள்ளிச் சான்றிதழோடு இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் கட்டணமின்றிச் சேர்த்து முடிக்க ஆறு ஆண்டு அவகாசம். நிறுவனத்திலிருந்து வழிகாட்டி, ஊதியத்தோடு இன்டர்ன்ஷிப். 2015ல் முதல் ஆறு மாணவர்கள் நான்கே ஆண்டில் இரண்டையும் முடித்து வெளியே வந்தார்கள். ஆனாலும் அந்த வேகத்தைவிட ஆறு ஆண்டு என்ற அவகாசமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தடுமாறும் பிள்ளைக்கு நாம் தரும் மிகப் பெரிய உதவி, கூடுதல் காலம்.

வழிகாட்டியாக வர விரும்பும் மென்பொருள் துறை நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை வந்து உற்சாகமூட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதால் பயனில்லை. விட்டுப்போகும் பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தில் வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டு ஒரே மாணவரோடு இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் வருகையையும் மதிப்பெண்ணையும் பார்க்கவேண்டும். மாணவர் வேறு பள்ளிக்கு மாறினாலும் கூடவே போகவேண்டும். உங்களால் இரண்டு ஆண்டு முடியாது என்றால் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். பழுதான மடிக்கணினிகளைச் சரிசெய்து தரலாம், மாணவர்களின் சுயவிவரக் குறிப்பைத் திருத்தித் தரலாம். ஆனால் "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் கூப்பிடுவார்கள்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அறையின் மிகத் திறமையான மாணவன் ஒருவனுக்கு, கடைசி ஆண்டில் ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலை வாங்கிக்கொடுத்தேன். வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது, அவனுக்கும் கை துறுதுறுத்தது. மூன்று மாதத்தில் அவர்கள் முழுநேரமாக வரச்சொன்னார்கள், அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். நான் அதை வெற்றி என்றே நினைத்தேன். இரண்டு ஆண்டு கழித்து அந்த வேலை போனது. வேறு இடங்களில் விண்ணப்பித்தால், திறமையைச் சோதிப்பதற்கு முன்பே படிவம் பள்ளிச் சான்றிதழைக் கேட்டது, அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவனுக்குத் தெரிந்த வேலையில் பாதிகூடத் தெரியாதவர்களுக்கு நேர்காணல் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த நிறுவனம் மாணவர்களைக் கேட்டு வந்தாலும் சில நிபந்தனைகளை எழுத்தில் வாங்குகிறேன். பள்ளி முடியும்வரை வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான், தேர்வுக் காலத்தில் அதுவும் கிடையாது. வருகை குறைந்தால் நான் சொல்லும் நாளிலிருந்து அந்த மாணவரின் வேலையை நிறுத்திவிட வேண்டும். சில நிறுவனங்கள் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் நல்லவர்கள்.

அந்த மாணவனுக்கு இப்போது 22 வயது. சென்ற ஆண்டு அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். விடுபட்ட பாடங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறான். ஐந்தில் மூன்று முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலைகளில் அதே கணினி அறையில், பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, நானும் அவனும் கணிதத்துக்கு உட்காருகிறோம்.