இன்குபேட்டர்: அடைகாப்பகமா, நாற்றங்காலா?

அரசு அறிவிப்புகளில் 'தொழில் வளர் காப்பகம்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் இடறும். காப்பகம் என்றதும் முதியோர் காப்பகமும் ஆதரவற்றோர் காப்பகமும்தானே நினைவுக்கு வருகின்றன? போக்கிடம் இல்லாதவர்கள் தங்கும் இடம் அது. அரசு அந்தப் பெயரால் சொல்வது இன்குபேட்டரை; புதுத்தொழில்களுக்கு இடமும் ஆலோசனையும் கொடுத்து வளர்த்துவிடும் அமைப்பு அது. உள்ளே போனவர் வெளியே வந்தாக வேண்டிய இடம்.

சொல்லின் வேர் லத்தீன். 'குபாரே' என்றால் படுத்தல், 'இன்குபாரே' என்றால் மேலே படுத்தல். கோழி முட்டைமேல் படுக்கிறதே, அதுதான். நாம் அடை வைப்பது என்போம்; சில ஊர்களில் அவயம் வைப்பது என்பார்கள். கோழி இல்லாமலே அந்தச் சூட்டைக் கொடுத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கவைக்கும் பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். 1880 வாக்கில் பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே அப்படியொரு கோழிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, குறைமாதக் குழந்தைகளுக்கும் அதுபோலச் செய்யச் சொன்னார். அப்படித்தான் சொல் மருத்துவமனைக்குள் வந்தது.

தொழிலுக்குள் வந்த கதையிலும் கோழி உண்டு. நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்றொரு சிற்றூர். அங்கே வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த மாஸி-ஹாரிஸ் ஆலை 1950-களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. ஊரில் பலருக்கு வேலை போயிற்று. 8 லட்சம் சதுர அடிக்கு மேலான கட்டடம் சும்மா கிடந்தது. உள்ளூர் மான்குசோ குடும்பம் அதை வாங்கியது. மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. சரி என்று ஜோசப் மான்குசோ 1959-இல் கட்டடத்தைத் துண்டு துண்டாகச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். அலுவலக வசதிகளையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்தார். முதலில் குடிவந்தவர்களில் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் 'நாங்களும் தொழில்களை அடைகாக்கிறோம்' என்கிற மாதிரி அவர் வேடிக்கையாகச் சொன்னாராம். அந்த வேடிக்கைதான் இன்று அரசாணைகளில் உட்கார்ந்திருக்கிறது.

படேவியாவில் போட்டது தனியார் பணம். அரசுகள் பிறகு வந்தன. சோவியத் நாட்டிலிருந்து அறிவியலாளர்கள் திரளாகக் குடியேறியபோது இஸ்ரேல் 1991-இல் அரசுப் பணத்தில் இன்குபேட்டர்களைத் தொடங்கியது. இந்தியா அதற்கும் முந்தி: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொழில்முனைவோரை வளர்க்கவென ஒரு வாரியத்தை 1982-இல் அமைத்தது. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை (இன்றைய என்.ஐ.டி.) ஒட்டி 1986-இல் வந்த 'ட்ரெக்-ஸ்டெப்', புதுத்தொழில்களை வளர்த்துவிடும் தொழில்முனைவோர் பூங்காக்களில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. மாநகரங்களைத் தாண்டி, கல்லூரியும் பட்டறைகளும் இருக்கிற ஊர்களில் புதுத்தொழில் முளைக்கட்டும் என்பதே எண்ணம்.

இப்போது இந்தச் சொல்லில் பொதுப்பணமும் கலந்திருக்கிறது. 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் ஒதுக்கீடு 945 கோடி ரூபாய். அரசு அதை நேரே நிறுவனங்களுக்குத் தரவில்லை. தேர்ந்தெடுத்த இன்குபேட்டர்களிடம் கொடுத்தது. எண்ணம் செயல்படுமா என்று செய்து பார்க்க 20 லட்சம் வரை யாருக்கு மானியம் என்பதை அவைதான் முடிவு செய்தன.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? நேரான பெயர்ப்பு 'அடைகாப்பகம்'. பிழையில்லாத சொல். கூடவே கூமுட்டையையும் நினைவூட்டுகிறது. அடைவைத்த எல்லா முட்டையும் பொரிப்பதில்லை என்று ஆத்தாக்களுக்குத் தெரியும். எல்லாத் தொழிலும் பிழைப்பதில்லை என்பதை அரசுக் கணக்குத் தணிக்கைக்காரர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. சீனமொழியும் குஞ்சு பொரிப்பதையே எடுத்துக்கொண்டது. எபிரேயத்தில் பசுமைக்குடில் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'பெப்பினியேர்' என்கிறார்கள், அதாவது நாற்றங்கால்.

என் ஓட்டு இதற்குத்தான்: 'தொழில் நாற்றங்கால்'. 'விதை நிதி' என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம், விதைக்குப் பின்னால் நாற்று வருவது இயல்பு. நாற்றங்காலில் நெருக்கி விதைத்து, தண்ணீர் காட்டி, பருவத்தில் பிடுங்கி நட வேண்டும்; நாள் தள்ளினால் நாற்று முற்றிவிடும், நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. சலுகை வாடகையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் நிறுவனங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இன்னொன்று, யார் வயலில் நடுவது என்ற கேள்வியும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திருச்சியில் விட்ட நாற்றைப் பெங்களூரில் கொண்டுபோய் நட்டால், திருச்சிக்கு வேலைவாய்ப்பு எங்கிருந்து வரும்?

குறைமாதக் குழந்தைக்கான பெட்டியை நாற்றங்கால் என்று சொல்ல முடியாது. அது இன்குபேட்டராகவே இருந்துவிட்டுப் போகட்டும். தாதிமார் முதல் தகப்பன்மார் வரை எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.