சேடம் இழுக்கும்போது நடப்பது என்ன?

முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மம்மா மூன்று நாள் சேடம் இழுத்துக் கிடந்தாராம். மூச்சு நின்றுவிடும், வீடே அழத் தொடங்கும், பிறகு மெல்லத் திரும்பி வரும். "ஆரையோ பாக்கத்தான் உயிர் இழுபடுது" என்று அயலட்டைச் சனம் சொல்லியிருக்கிறது. கனடாவிலுள்ள மாமா வரமுடியாமல் போனதுதான் காரணமா என்று கேட்கிறார்.

இல்லை, தங்கச்சி.

முதலில் அந்தச் சத்தம். சேடம் என்று நாங்கள் சொல்வது தொண்டையில் கட்டும் சளியை. ஊறும் எச்சிலை நாளெல்லாம் நினைக்காமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். கடைசி நாட்களில் விழுங்கவும் இருமவும் இயலாது. தேங்கியதன் ஊடாகக் காற்று போய்வர, கறகறவென்று கேட்கிறது. கேட்பவர்களுக்கு நெஞ்சு பதறும். நினைவு தப்பிக் கிடப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை.

சரி, மூச்சு ஏன் நின்று நின்று வருகிறது? டப்ளினில் வைத்தியம் பார்த்த ஜோன் செயின் 1818இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் இதை எழுதிவைத்தார்கள். அவர்கள் பெயரால் இது செயின்–ஸ்டோக்ஸ் மூச்சு. சின்ன மூச்சாகத் தொடங்கிப் பெருகும், பிறகு சிறுத்துச் சிறுத்து நின்றுபோகும், மறுபடி தொடங்கும்.

மூச்செடுக்கச் சொல்லி உடலை உந்துவது, பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதல்ல. குருதியில் காபனீரொட்சைட்டு கூடுவதுதான். மூளையின் அடிப்பகுதி அதை அளந்து, கூடினால் வேகமாகவும் குறைந்தால் மெதுவாகவும் மூச்சை விடவைக்கிறது. ஆனால் நுரையீரலில் நடப்பது மூளைக்குத் தெரியவேண்டுமென்றால் குருதி அங்கே போய்ச்சேர வேண்டும். இதயம் தளர்ந்தால் அந்தப் பயணம் நீளும்.

இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். கடைசி வயல் காய்கிறதென்று குளத்துக் கதவை நன்றாகத் திறக்கிறார்கள். தண்ணீர் வந்துசேர நேரமெடுக்கும். அதற்குள் "இன்னும் காணாது" என்று மேலும் திறக்கிறார்கள். பிறகு வயல் மூழ்கும். பூட்டுகிறார்கள், வாய்க்காலில் கிடந்த தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், இறுகப் பூட்டுகிறார்கள், வயல் மறுபடி காயும். ஒருவரும் பிழைவிடவில்லை. செய்தி பிந்தி வருகிறது, அவ்வளவுதான். சாகக் கிடப்பவரின் மூளையும் பழைய செய்தியை நம்பித்தான் மூச்சைக் கூட்டிக் குறைக்கிறது. நின்ற மூச்சு திரும்புவது அந்த இடைவெளியில் காபனீரொட்சைட்டு மறுபடி சேர்வதால். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத பொறிமுறை இது.

ஆசை உயிரைப் பிடித்து வைக்குமென்றால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரம் குந்திய தாய்மாரில் ஒருத்தியும் இன்னும் போயிருக்கமாட்டாள். பிள்ளையைக் காணாமலே கண்மூடினார்கள் பலர். வரமுடியாதவர்கள் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

அப்புறம், பால் பருக்குவது. விழுங்க இயலாதவரின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாலில் நனைத்த துணியால் உதட்டைத் தொட்டுவிடுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இதைச் சொல்லித்தர வீட்டுக்கு வரும் ஒரு தாதி வன்னிக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். அரசு அதற்குக் காசு ஒதுக்கவேண்டும். மாமாவிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள், தங்கச்சி.