ஆரத்தித் தண்ணீரும் அரை லிட்டர் ரத்தமும்

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் தண்ணீர் சிவக்கும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கும்பகோணத்தை ஒட்டிய ஒரு செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்தும் நான், அந்த ஆரத்தித் தண்ணீரைத்தான் ஆண்டுதோறும் வகுப்பில் ரத்தமாகப் பயன்படுத்துகிறேன். கொஞ்சம் வடிகஞ்சி சேர்த்தால் ரத்தத்தின் கனம் வந்துவிடும். கடல்பாசியைக் காய்ச்சி, அதே நிறம் ஏற்றி, ஆறியதும் உதிர்த்துப் போட்டால் ரத்தக்கட்டிகளும் தயார்.

மாணவிகள் வருவதற்கு முன்பே நான்கு மேசைகளில் அதை அளந்து ஊற்றி வைப்பேன். முதல் மேசையில் வெள்ளைத் துணி, அடுத்ததில் கிட்னி ட்ரே எனும் வளைந்த தட்டு, மூன்றாவதில் ரப்பர் ஷீட்டின் மேல் விரித்த படுக்கைத் துணி, நான்காவதில் மடித்துப் போட்ட அரக்கு நிறப் பழைய புடவை. யாரோடும் பேசாமல் சுற்றி வந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி என்று தாளில் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிந்தைய அதிக ரத்தப்போக்கு எது என்று கேட்டால், “500 மில்லியும் அதற்கு மேலும், மேடம்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அரக்குப் புடவையில் நான் ஊற்றியிருந்தது 600 மில்லி. போன முறை வந்த தாள்களில் பெரும்பாலும் 150, 200 என்றுதான் இருந்தது. வெள்ளைத் துணியில் இருந்த 100 மில்லியைக் கண்டு பயந்து 400 என்று எழுதியவர்களும் உண்டு.

மாணவிகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ரத்தம் கூடக்கூடக் கண் அதைக் குறைத்தே மதிப்பிடும். அனுபவமுள்ள மருத்துவர்களுக்கும் இது நேர்கிறது. எனக்கும் நேர்ந்தது. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையின் பிரசவ அறையில், “ரத்தப்போக்கு இயல்பு” என்று ஏட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்தத் தாய் தண்ணீர் கேட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். களைப்பு என்று நினைத்தேன். மூத்த செவிலியர் ஒருவர் வந்து துணியை விலக்கிப் பார்த்தபோதுதான், அடியில் மெத்தை ஊறிப் போயிருந்தது தெரிந்தது. தாய் பிழைத்துக்கொண்டார். அந்த மெத்தையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. இளம் தாய்மாருக்கு நாடித்துடிப்புதான் முதலில் ஏறும், ரத்த அழுத்தம் பின்னால்தான் இறங்கும் என்று நானும் படித்திருந்தேன். படித்தது அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த அப்படி ஓர் உடம்பு 500 மில்லியைக்கூடத் தாங்காமல் போகலாம்.

எழுதி முடித்ததும் துணிகளை எடை போடுவோம். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், மிச்சமிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லி. மளிகைக்கடைத் தராசே போதும். அளப்பது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அளவுக்கோடு போட்ட விரிப்பைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்து, தேவையான சிகிச்சைகளை உடனே ஒருசேரக் கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது.

இன்னொரு பயிற்சி நாடகம். நோயாளியாக நடிப்பவளிடம் மட்டும் ஒரு சீட்டைக் கொடுப்பேன்: ‘தரையில் படுத்திருந்தாய். விடியற்காலையில் வயிற்றுவலி. காலில் காயம் இல்லை. கண் இமை சொருகுகிறது. பூச்சி தொட்டுவிட்டது என்று மட்டும் சொல்.’ செவிலியராக நடித்தவள் பூச்சிக்கடி என்று எழுதி, அலர்ஜி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள். இத்தனைக்கும் அவள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். ராத்திரியில் பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்பது அவள் வீட்டிலேயே உள்ள வழக்கம். சீருடை போட்டதும் அது மறந்துபோய்விட்டது.

கட்டுவிரியன் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். அதனால் தசைகள் தளர்கின்றனவா என்று அறிய, மேலே பார்க்கச் சொல்ல வேண்டும், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும், ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் அல்ல, ரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடி என்ற சந்தேகம் இருந்தால், 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. குழாயைத் தொடாமல் 20 நிமிடம் காத்திருப்பதையே வகுப்பில் தனியாகப் பழக்குகிறேன். ஐந்தாவது நிமிடத்திலேயே யாராவது கையை நீட்டிவிடுகிறார்கள்.

நாடகம் போடும்போது ஒன்றை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. கூலிவேலைப் பெண்ணின் பேச்சைச் சிரிப்புக்காக நடித்துக் காட்டக் கூடாது. வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பெண்களின் மகள்கள்.

பயிற்சி 15 நிமிடம் என்றால், அதைப் பற்றிய பேச்சுக்கு 30 நிமிடம் ஒதுக்குங்கள். பல கல்லூரிகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்போது பயிற்சி வெறும் விளையாட்டாக முடிந்துவிடுகிறது. தவறு செய்தவளிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்காமல், முதலில் எதைப் பார்த்தாய் என்று கேளுங்கள். நோயாளியாக நடித்தவளையும் கேளுங்கள். “என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை மேடம், எழுதிக்கொண்டே இருந்தாள்” என்றாள் அன்று நடித்த பெண்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாவதற்குள் எங்கள் மாணவிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய்விடுவார்கள். பாம்புக்கடி நாடகத்தை அதற்கு முந்தைய வாரத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.