டெல்டா: சொல் விளக்கம்

ஜூன் 12 நெருங்கினால் 'டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கப்படுமா?' என்ற கேள்வி செய்தித்தாள்களில் வந்துவிடும். தஞ்சாவூர், திருவாரூர் விவசாயிகள் வாயில் டெல்டா என்பது வாய்க்கால், வரப்பு போலப் புழங்குகிற சொல்.

கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து டெல்டா. முக்கோண வடிவம் கொண்டது. இதற்கு மூலமான பினீசிய எழுத்தின் பெயருக்குக் கதவு என்று பொருள். நைல் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் நிலம் இந்த எழுத்தைப் போல இருந்ததால் கிரேக்கர்கள் அந்த நிலத்தையே டெல்டா என்றார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் அப்படித்தான் எழுதுகிறார். இன்றைய வரைபடத்தில் அந்த முக்கோணம் தலைகீழாக நிற்கும். கடல் வழியே வடக்கிலிருந்து எகிப்துக்கு வந்த கிரேக்கனுக்கு அது நேராகவே நின்றது. அலெக்சாந்தரின் படையெடுப்பைப் பற்றி எழுதியவர்கள் சிந்து நதியின் முகத்துக்கும் அதே பெயரை நீட்டினார்கள். ஒரு நிலத்தின் பெயர் இப்படித்தான் பொதுப்பெயரானது.

மலையில் வேகமாக வரும் ஆறு, சமவெளியில் சரிவு குறைந்ததும் சோர்ந்துபோகிறது. சுமந்து வந்த மணலை முதலிலும் வண்டலைப் பின்னரும் இறக்குகிறது. ஆற்றின் அடித்தரை உயர்கிறது. அடுத்த வெள்ளத்தில் நீர் கரையை உடைத்துப் புதுவழி தேடுகிறது. அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று காவிரி நாட்டில் ஆறுகள் பின்னிக் கிடப்பதற்கு அடிப்படை இதுதான். மனிதக் கை பின்னால் வந்து சேர்ந்தது. மண்ணைக் கொழுக்க வைப்பதும் ஊரை மூழ்கடிப்பதும் ஒரே வெள்ளம். இங்கே முக்கோணம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது: முனை கல்லணைப் பக்கம், அடிப்பக்கம் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்து கோடியக்கரை வரை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதிகளில் முதலில் கிடைப்பது கழிமுகம். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வரும் கழி, கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. ஆகவே கழிமுகம் ஆறு கடலில் கலக்கும் வாய்க்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். கும்பகோணத்தைக் கழிமுகம் என்றால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அடுத்தது வடிநிலம். ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் பரப்பு முழுவதையும் குறிக்க இச்சொல் பயன்படுகிறது. அந்தக் கணக்கில் குடகும் காவிரி வடிநிலமே; ஆனால் அது டெல்டா அல்ல.

எனக்குப் பிடித்தது படுகை. ஆற்றோரம் வண்டல் படிந்து உருவான நிலத்தை உழவர்கள் படுகை என்கிறார்கள். 'காவிரிப் படுகை' என்று எழுதும்போது நீர் மண்ணை இறக்கிவைத்த செயலும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. நிலவியலில் பெட்ரோலியம் தேடுபவர்களும் இதே சொல்லை வேறு பொருளில், கடலடி வரை நீளும் பாறைப் பள்ளத்துக்கு, வைத்துக்கொண்டார்கள் என்பது ஒன்றே சங்கடம்.

இதற்கிடையே தஞ்சை மாவட்டம் டெல்டா என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. மேட்டூர் அணை 1934இல் முடிந்ததையொட்டிக் கல்லணைக் கால்வாய், ஊரார் மொழியில் புது ஆறு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கும் நீர் கொண்டுபோனது. அந்தப் பகுதிக்குப் பெயர் 'புது டெல்டா'. அங்கே ஆறு பிரிந்து வண்டல் கொட்டி நிலத்தை உண்டாக்கவில்லை. நீரைக் கொண்டுவந்தது கால்வாய். ஆக, தஞ்சையில் டெல்டா என்றால் காவிரித் தண்ணீர் பாயும் நிலம். இந்தப் பொருளில் வரும்போது 'காவிரிப் பாசனப் பகுதி' என்று எழுதுவதே சரி; புது ஆற்றுச் செம்மண்ணைப் படுகை என்று சொல்ல முடியாது.

கூடவே இன்னொன்று. டெல்டாவில் ஆற்றிலிருந்து பிரிந்து போவது கிளையாறு. ஆற்றில் வந்து கலப்பது துணையாறு. பவானியும் அமராவதியும் காவிரியின் துணையாறுகள், அரசலாறு கிளையாறு. செய்திகளில் இவை இடம் மாறி வருவதைப் பார்க்கலாம்.